எழுத்தின் அழகும் எழுத்தின் தெளிவும்



ஒரு தோட்டத்தில் இரண்டு பலகைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று கோயில் வாசலில் இருக்கிறது. திருவிழா நாளையும் தீமிதி நேரத்தையும் சொல்லுகிறது. மற்றொன்று மருந்து ஸ்டோர் கதவில் இருக்கிறது. உள்ளே களைக்கொல்லி இருக்கிறது, பிள்ளைகள் வரக்கூடாது, இத்தனை லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லிலிட்டர் மருந்து என்று சொல்லுகிறது.

கோயில் பலகை விளங்காவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டுக்கொள்ளலாம். ஸ்டோர் பலகை விளங்காவிட்டால் என்ன ஆகும்? பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அது வயிற்றுக்குள் போய்விட்டால் முறிப்பதற்கு மருந்து கிடையாது. மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து அது தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் நஞ்சான வேறு மருந்துகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கும் நம் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு பூட்டும் ஒரு பலகையும்தான் இருக்கின்றன.

அந்தப் பலகையை யார் எழுதுகிறார்கள்? "அந்தப் பையனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், அவனைக் கூப்பிடு" என்போம். அவன் கையில் தூரிகையைக் கொடுப்போம். எழுத்தை எப்படி அமைத்தால் தூரத்திலிருந்தும் படிக்கலாம் என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். அச்சுத் தொழிலில் இதை ஒரு கலையாகவே பயில்கிறார்கள். எழுத்துருவக் கலை என்பது அதற்குப் பெயர். அந்தக் கலையின் அடிப்படைகளை, ஸ்டோர் கதவுக்கு ஒரு பலகை எழுதிக்கொண்டே, இன்று நாம் தெரிந்துகொள்வோம்.

முதலில் சொல்லைத் தேர்ந்தெடுப்போம். தோட்டத்தில் நாம் களைக்கொல்லியை "மருந்து" என்கிறோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு மருந்து என்றால் காய்ச்சலுக்கு அம்மா கொடுப்பது. ஆகவே பலகையில் "மருந்து" வேண்டாம். "விஷம்" என்று போடுவோம். அடுத்து, "பிள்ளைகள் இந்த அறைக்குள் நுழைவது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது" என்று நீட்டவும் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் இயல்பாகவே நீளமானவை. நீண்ட வாக்கியத்தைச் சிறிய பலகையில் திணிக்கும்போதுதான் எழுத்தை நெருக்கிக் கெடுத்துவிடுகிறோம். "விஷம்" முதல் வரி, "பிள்ளைகள்" இரண்டாம் வரி, "வராதீர்" மூன்றாம் வரி. மூன்று சொற்கள் போதும். பக்கத்தில் ஒரு மண்டையோட்டுப் படம் இருந்தால் எழுத்தறியாதவருக்கும் வேற்று மொழிக்காரருக்கும் விளங்கும்.

இனி எழுத்தைப் பார்ப்போம். தமிழ் எழுத்து மூன்று தளங்களில் அமைவது. நடுத்தளத்தில் எழுத்தின் உடல் இருக்கிறது. ட, ப, ய, வ ஆகியவை அந்த நடுத்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். புள்ளியும் இகர, ஈகாரச் சுழிகளும் மேல் தளத்தில் ஏறுகின்றன. கு, மூ போன்றவற்றின் வளைவுகளும் ழ-வின் வாலும் கீழ்த் தளத்தில் இறங்குகின்றன. பள்ளியில் இரட்டைக்கோட்டு ஏட்டில் எழுதிய காலத்தில் நம் கை இதை அறிந்திருந்தது. பலகை எழுதும்போது மறந்துவிடுகிறோம். நடுத்தளத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கி மூன்று வரியையும் அடுக்கிவிடுகிறோம். பிறகு மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் ஒன்றை ஒன்று இடிக்கின்றன.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. உடலுக்கு எவ்வளவு உயரமோ, அதில் பாதி மேலே, பாதி கீழே விடுவோம். உடல் 3 அங்குலம் என்றால் மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை, ஆக ஒரு வரிக்கு 6 அங்குலம். மூன்று வரிக்கு 18 அங்குலம். பலகையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் மூன்று மூன்று அங்குலம் சும்மா விட்டால் 24 அங்குலம், அதாவது 2 அடி. கடையில் விற்கும் 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகையில் கால் பங்கை வாங்கினால் 4 அடி நீளமும் 2 அடி உயரமும் கிடைக்கும். நம் வேலைக்கு அது போதும்.

3 அங்குல எழுத்து எவ்வளவு தூரம் தெரியும்? பலகை எழுதுவோரிடையே ஒரு கைக்கணக்கு இருக்கிறது. 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் வேண்டும் என்பார்கள். அந்தக் கணக்குப்படி 3 அங்குல எழுத்து 30 அடியில் தெளிவாகத் தெரியவேண்டும். ஆனால் அது ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்துச் சொன்ன கணக்கு. நம் எழுத்தில் சுழிகள் அதிகம். ஆகவே 20 அடி என்று வைத்துக்கொள்வதே நல்லது. விளையாடிக்கொண்டு ஓடிவரும் பிள்ளை நின்று திரும்ப அந்தத் தூரம் போதும்.

அடுத்தது கோட்டின் தடிப்பு. "நன்றாகத் தெரியட்டும்" என்று தூரிகையை அழுத்தி, தடித்த கோடாகப் போடுவது நம் வழக்கம். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஓர் எழுத்தை நாம் எப்படி அடையாளம் காண்கிறோம்? கறுப்புக் கோட்டினால் மட்டும் காண்கிறோமா? அந்தக் கோடு சுற்றி வளைத்திருக்கும் வெள்ளையாலும் காண்கிறோம். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். கோடு தடித்துச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைந்துவிட்டால், சுழி இரண்டா மூன்றா என்று யாரால் எண்ண முடியும்? "பணி" என்பது "பனி" ஆகிவிடும்.

ஆகவே கோட்டின் தடிப்பு உடல் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம். 3 அங்குல எழுத்துக்கு அரை அங்குலத் தூரிகை சரியாக இருக்கும். ண, இ, ஞ போன்ற நெருக்கமான எழுத்துகளில் கோட்டை ஒரு நூலளவு மெலிக்கலாம். பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு தெரியாது. சுழி திறந்திருப்பது மட்டும் தெரியும்.

கண் நம்மை ஏமாற்றும் இடங்கள் இன்னும் சில உண்டு. ப என்ற எழுத்தின் அடி தட்டையானது. ல என்ற எழுத்து வளைவானது. இரண்டையும் ஒரே கோட்டுக்குள் சரியாக அளந்து எழுதினால், ல சற்றுச் சிறியதாகத் தோன்றும். அளவுகோல் சமம் என்கிறது, கண் இல்லை என்கிறது. படிப்பது கண்தான் ஆகையால் கண்ணின் பக்கமே நாம் சேரவேண்டும். வளைவுகளைக் கோட்டுக்கு வெளியே மிகச் சிறிதளவு தள்ளி வரைந்தால் இரண்டும் சமமாகத் தெரியும். அதுபோலவே படுத்த கோடும் நிமிர்ந்த கோடும் ஒரே தடிப்பாக இருந்தால், படுத்த கோடு தடித்ததாகத் தோன்றும். அதைச் சற்று மெலிக்கவேண்டும்.

இனி எழுத்துகளை ஒரு குடும்பமாகப் பார்க்கப் பழகுவோம். ட என்பது ஒரு நிமிர்ந்த கோடும் ஒரு படுத்த கோடும் சேர்ந்தது. வலப்பக்கம் இன்னொரு நிமிர்ந்த கோட்டைச் சேர்த்தால் ப. அந்த வலக்கோடு மேலே ஏறி, உள்நோக்கி வளைந்து, அடிக்கோட்டில் இறங்கினால் ம. அதன் கீழே வால் சேர்ந்தால் ழ. இந்த நான்கையும் ஒரே அடித்தளத்தில், ஒரே தடிப்பில், ஒரே வகை வளைவில் எழுதினால் பலகை முழுவதும் ஒரே கை எழுதியதாகத் தெரியும். ஒரு ம உருண்டையாகவும் அடுத்த ம சதுரமாகவும் இருந்தால், படிப்பவரின் கண் ஒவ்வொரு எழுத்திலும் தடுக்கி நிற்கும்.

குடும்பம் என்றாலும் எல்லாரும் ஒரே பருமன் இல்லை. ர ஒல்லியானது, ண அகலமானது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் போட்டு எழுதினால், ர-வைச் சுற்றிக் காடு போல் வெற்றிடம் இருக்கும், ண மூச்சுமுட்டி நிற்கும். பழைய தட்டச்சுப் பொறியில் இந்தச் சங்கடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்து வேலை பார்த்த ஆர். முத்தையா அவர்கள் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்த முன்னோடி. நம் எழுத்துகள் அத்தனையையும் ஒரு சிறு விசைப்பலகைக்குள் அடக்கிக்காட்டியது பெரிய சாதனை. ஆனால் தட்டச்சுப் பொறியில் பொதுவாக எந்த விசையைத் தட்டினாலும் தாள் ஒரே அளவுதான் நகரும். பொறிக்கு வேறு வழி இல்லை. கையால் எழுதும் நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எழுத்துக்கு எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு கொடுப்போம்.

எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே எவ்வளவு விடவேண்டும்? அளவுகோலை வைத்து எல்லா இடத்திலும் ஓர் அங்குலம் என்று அளந்தால் சரியாக வராது. "அப்பா" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு ப-வின் வலக்கோடும் அடுத்த ப-வின் இடக்கோடும் இரண்டு சுவர்களைப் போல எதிரெதிரே நிற்கின்றன. அவற்றைச் சற்று விலக்கி வைக்கவேண்டும். ட-வின் வலப்பக்கம் சுவர் இல்லை, திறந்த வாசல். அடுத்த எழுத்தை அதற்கு நெருக்கமாகக் கொண்டுவரலாம். ஒரு வழி சொல்லுகிறோம். எழுத்துகளின் இடையே ரப்பர்ப் பாலை ஊற்றுவதாக மனத்தில் நினைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இடைவெளியும் ஏறத்தாழ ஒரே அளவு பால் பிடிக்கவேண்டும். மங்குகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஒரு ட நுழையும் அளவு விட்டால் போதும். வரிக்கும் வரிக்கும் உள்ள வெளி அதைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கண் நேரே போகாமல் கீழே இறங்கிவிடும்.

சின்னஞ்சிறு குறிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு புள்ளி மறைந்தால் "பல்" என்பது "பல" ஆகிறது. பனை ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். ஏடு படித்தவர்கள் இடம் பார்த்துத் தாமே புள்ளி சேர்த்துக்கொண்டார்கள். அக்காலத்தில் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் இன்றுபோல் தெளிவான வேறுபாடு இல்லை. கொம்பை இரட்டைச் சுழியாக்கி நெடிலைப் பிரித்துக் காட்டியவர், 18-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பர். மழை "பெய்" என்பதற்கும் "பேய்" என்பதற்கும் நடுவே இருப்பது அந்த ஒரு சுழிதான். ஆகவே கொம்பின் சுழியைத் திறந்து எழுதுவோம். புள்ளியைக் கோட்டின் தடிப்புக்குக் குறையாமல், எழுத்தோடு ஒட்டாமல் மேலே வைப்போம்.

எழுத்தின் அளவும் வடிவும் ஒரே நாளில் அமைந்தவை அல்ல. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் "தம்பிரான் வணக்கம்". 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சானது. பின்னர் தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற செர்மானியப் பாதிரியார் அச்சுக்கூடம் நடத்தினார். செர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் அவருக்கு வந்து சேர்ந்தன. ஆனால் அவை மிகப் பெரியவை. பெரிய எழுத்து தாளைத் தின்றுவிடும், தாளோ கிடைப்பதற்கு அரிதான காலம். ஆகவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. படிப்பவர் யார், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், தாள் எவ்வளவு இருக்கிறது என்பவற்றைப் பார்த்துத்தான் அன்றும் எழுத்தின் அளவை முடிவு செய்தார்கள்.

வீட்டில் பாட்டி வைத்திருக்கும் பழைய புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு பிணைந்து வளைந்திருக்கும். ணை, லை, ளை, னை ஆகியவற்றிலும் ஐகாரக் குறி இன்றுபோல் இருக்காது. இவற்றை மற்ற எழுத்துகளைப் போலவே எழுதவேண்டும் என்று பெரியார் 1935-இல் தம்முடைய "குடி அரசு" இதழில் செய்துகாட்டினார். 1978-இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. பின்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது வழக்கத்துக்கு வந்தது. நம் பலகையில் உள்ள "பிள்ளைகள்" என்ற சொல்லின் ளை இப்போது எழுதப்படும் முறை அப்படி வந்ததுதான். பாட்டி பழைய முறையில் எழுதினால் அது தவறு என்று பிள்ளைகள் சிரிக்கவேண்டியதில்லை. அவர் கற்ற காலத்தில் அதுவே சரி.

இலக்கங்களுக்கு வருவோம். கலக்கும் அளவைச் சொல்லும் பலகையில் இதுவே உயிரானது. 1-க்கும் 7-க்கும் வேறுபாடு தெரியவேண்டும். 3, 6, 8 ஆகியவற்றின் வாய்கள் திறந்திருக்கவேண்டிய இடத்தில் திறந்திருக்கவேண்டும். 5 லிட்டரை 5.0 என்று எழுதவேண்டாம். புள்ளி மங்கினால் அது 50 ஆகிவிடும். அரை லிட்டரை வெறும் .5 என்றும் எழுதவேண்டாம். புள்ளி மங்கினால் 5 ஆகிவிடும். 0.5 என்று முன்னே சுழி போட்டு எழுதுவோம். இன்னும் நல்லது, 500 மில்லிலிட்டர் என்றே எழுதிவிடுவது. இலக்கத்துக்கும் அலகுக்கும் இடையே சிறிது வெளி விடுவோம். எந்த அளவு என்பதை மருந்துப் புட்டியின் சீட்டைப் பார்த்து மண்டோரிடமோ கிராணியிடமோ உறுதி செய்துகொண்ட பிறகே எழுதுவோம். ஒன்றை மறக்கவேண்டாம். எவ்வளவு அழகாகப் பெயர் எழுதி ஒட்டினாலும், குடிநீர்ப் புட்டியில் மருந்தை ஊற்றி வைப்பது கூடவே கூடாது. கையில் எடுத்த பிள்ளை எழுத்தைப் பார்க்காது, புட்டியைத்தான் பார்க்கும்.

நிறத்தில் பொதுவான விதி ஒன்றுதான். இருண்டதன் மேல் வெளிர், வெளிர் மேல் இருண்டது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து தூரத்திலிருந்தும் தெரியும். சிவப்பின் மேல் பச்சை அருகிலிருந்தும் தெரியாது. சிலருக்கு இவ்விரு நிறங்களும் பிறவியிலேயே பிரிந்து தெரிவதில்லை. நிழல் கோடு, பூ, இரட்டைக் கோடு ஆகியவற்றைக் கோயில் பலகைக்கு வைத்துக்கொள்வோம். அங்கே அவை அழகுதான். அங்கேயும் நாளும் நேரமும் தெளிவாக இருக்கட்டும்.

இப்போது பல அறிவிப்புகளைக் கணினியிலும் கைப்பேசியிலும் செய்கிறோம். அங்கேயும் இந்த விதிகள் மாறவில்லை. எழுத்தின் அளவைப் பாயிண்ட் என்று சொல்வார்கள். 72 பாயிண்ட் ஓர் அங்குலம். வயதானவர்கள் படிக்கும் தாள் என்றால் 12-இல் நிறுத்தாமல் 14, 16 என்று கூட்டுவோம். பல எழுத்துருக்கள் கிடைக்கின்றன. ஆப்பிள் கணினிகளில் உள்ள "இணைமதி" என்ற எழுத்துருவை வடிவமைத்தவர் மலேசியரான முத்து நெடுமாறன் அவர்கள். எந்த எழுத்துருவை எடுத்தாலும் ண, ன, இ, ஞ, கொ, கோ ஆகியவற்றை முதலில் அடித்துப் பார்ப்போம். சுழிகள் திறந்திருந்தால் அதை எடுத்துக்கொள்வோம். அடைபட்டிருந்தால் எவ்வளவு பகட்டாக இருந்தாலும் தள்ளிவிடுவோம்.

பலகைக்குத் திரும்புவோம். பென்சிலால் மூன்று தளக் கோடுகளையும் போட்டாயிற்று. பழைய நாளிதழில் எழுத்தை அதே அளவில் எழுதிப் பார்த்து, வெட்டி, பலகையில் வைத்து நகர்த்தி, இடைவெளியைச் சரிசெய்தாயிற்று. அதன் பிறகே சாயத்தைத் தொட்டோம். காய்ந்த பிறகு இரண்டு சோதனைகள் செய்வோம். முதலில் கண்ணைப் பாதி மூடிப் பார்ப்போம். எழுத்து எங்கேயாவது கறுப்புத் திட்டாகத் தெரிந்தால் அங்கே சுழி அடைந்திருக்கிறது. எங்கேயாவது வெள்ளை ஓட்டை தெரிந்தால் அங்கே இடைவெளி கூடிவிட்டது.

இரண்டாவது சோதனைக்கு, முதலாம் ஆண்டோ இரண்டாம் ஆண்டோ படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிடுவோம். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லவேண்டாம். 20 அடி தள்ளி நிறுத்தி, "படி பார்க்கலாம், கண்ணு" என்போம். பிள்ளை தயங்கினால், தயங்கிய எழுத்தை நாம் திருத்துவோம். தயங்காமல் படித்துவிட்டால், ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போய் அந்தப் பலகையைக் கதவில், பிள்ளையின் கண்ணுக்கு நேராக, அடித்துவிடுவோம்.